நீங்கள் திருத்துவது பழைய கோப்பு

அன்புள்ள ஐயா,

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் சங்கத்தின் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு இயங்குதளத்தை 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றியதும் இணையதளம் 502 பிழை காட்டியது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் அமைப்பில், தளத்தை இயக்கும் பிஎச்பி மொழியின் பதிப்பை 8.3 என்று மாற்றியதும் தளம் வந்துவிட்டது. ஆனால் தைப்பூசக் காவடிப் படங்கள் ஏறவில்லை. 2 எம்பியைத் தாண்டினால் மறுக்கிறது. பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் 64 எம்பி என்றுதான் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. தவிர, அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவு முழுக்க டிஸ்ட், ஓல்ட் என்று முடியும் கோப்புகள். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம்.

2 எம்பி என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. யாரும் கைவைக்காத பிஎச்பியில் இருக்கும் வரம்பு அது. அப்படியென்றால் நீங்கள் 64 என்று எழுதிய கோப்பை பிஎச்பி படிக்கவே இல்லை. 22.04-இல் இருந்தது பிஎச்பி 8.1, 24.04-இல் வருவது 8.3. இடிசியில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு. பழைய பதிப்பு போன பிறகும் அதன் அடைவு அப்படியே கிடக்கும். நீங்கள் திறப்பது அநேகமாக அந்த 8.1 அடைவைத்தான்.

உறுதிசெய்ய பிஎச்பியின் அமைப்பைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கம் ஒன்றைப் போட்டு பிரவுசரில் திறங்கள். ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ என்ற வரியில் எந்தக் கோப்பு படிக்கப்படுகிறது என்று முழுப் பாதையோடு இருக்கும். பார்த்தவுடன் அந்தப் பக்கத்தை நீக்கிவிடுங்கள். டெர்மினலில் கேட்டுப் பார்க்காதீர்கள். அங்கே ஓடும் பிஎச்பிக்கு வேறொரு ஐஎன்ஐ, உங்களைக் குழப்பிவிடும்.

பழைய கோப்பை அப்படியே புதியதன் மேல் காப்பி செய்யவும் வேண்டாம். டிஃப் கட்டளையால் இரண்டையும் ஒப்பிட்டு, உங்கள் கைத்திருத்தங்களை மட்டும் 8.3-இன் எஃப்பிஎம் (இணையதளத்துக்காகப் பிஎச்பியை ஓட்டும் சர்வீஸ்) அடைவுக்குக் கொண்டுபோங்கள். அப்லோட் வரம்போடு போஸ்ட் வரம்பையும் (ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத் தரவின் வரம்பு) உயர்த்த வேண்டும். அது 8 எம்பியில் நிற்கும். பிறகு எஃப்பிஎம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இனி அந்த டிஸ்ட், ஓல்ட் கோப்புகள். உங்கள் நாட்டில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் கொண்டுவந்த உபுண்டு, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் எழுந்தது. நிர்வாகி திருத்திய அமைப்புக் கோப்பை மேம்படுத்தல் காப்பாற்ற வேண்டும் என்பது டெபியனில் எழுதிவைத்த விதி. அந்த விதிமேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. உங்கள் உழைப்பு காணாமல் போகாமல் இருப்பது அதனால்தான். மேம்படுத்தும்போது கேட்டதற்கு ‘என் கோப்பே இருக்கட்டும்’ என்று சொல்லியிருந்தால் புதியது டிபிகேஜி-டிஸ்ட் (டிபிகேஜி என்பது பேக்கேஜ்களை நிறுவும் நிரல்) என்று பக்கத்தில் வந்து உட்காரும். ‘புதியதைப் போடு’ என்றிருந்தால் உங்களுடையது டிபிகேஜி-ஓல்ட் ஆகும். பெயரின் கடைசிப் பகுதி யுசிஎஃப் என்று தொடங்குபவையும் இதே கணக்குதான். ஒவ்வொன்றையும் டிஃப் போட்டுப் பார்த்துவிட்டு அழியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள். டிபிகேஜி-நியூ என்று ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் கவனம்: லோட் ஷெட்டிங் மின்வெட்டிலோ வேறெதிலோ மேம்படுத்தல் பாதியில் நின்றிருக்கலாம்.

கடைசியாக, டிபிகேஜி பட்டியலில் ‘ஆர்சி’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். பேக்கேஜ் போய், அமைப்புக் கோப்பு மட்டும் மிஞ்சியவை அவை. படங்கள் ஏறுகின்றன என்று தெரிந்த பிறகு 8.1-ஐ பர்ஜ் செய்யலாம், அதாவது அமைப்புக் கோப்போடு முழுதாக நீக்கலாம். மொத்தமாகச் செய்யாமல் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். டேட்டாபேஸ் பேக்கேஜ் ஏதேனும் அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் பேக்கப் எடுங்கள்; பர்ஜில் தரவும் சேர்ந்து போய்விடக்கூடும்.