கணக்கு நோட்டு வைத்திருக்கும் பிள்ளையைப் படிக்க விடுங்கள்

அக்கா, போன சனிக்கிழமை நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் மகள் பாப்பா முதலில் உங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் பதில் சொன்னாள். வயதுக்கு வந்ததிலிருந்து கடைக்குப் போகக் கூடாது, போனைத் தொடக் கூடாது, வாசலில் நின்று பேசக் கூடாது. இப்போது ‘பத்தாவது போதும், அத்தை மகன் இருக்கிறான்’ என்கிறார் பெரியப்பா. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், ஒட்டி ஒட்டி இருக்கும் வரிசையில், ஒரு வீட்டுப் பேச்சு பத்து வீட்டுக்குக் கேட்கும். நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அவளுக்குப் பதினைந்து வயது. 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பவர்களுக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை. பெரியப்பாவிடம் இதை நீங்கள் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். நானும் வருகிறேன், வகுப்பு டீச்சரையும் அழைத்துக்கொள்வோம். அதற்குள் பேச்சு முற்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடித்துவிடுங்கள்.

அவள் பையிலிருந்து எடுத்த அந்த நோட்டு என் கண்ணிலேயே நிற்கிறது. நீங்கள் பறித்த பச்சைத்தேயிலையின் எடை, தேதிவாரியாக, காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாக. மேஸ்திரி எழுதியதோடு ஒத்துப் பார்த்து, 3 கிலோ குறைந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு சுழி. யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்திருக்கிறாள்! பதினொன்றில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் உள்ள பிரிவை எடுக்கட்டும். தையல் கற்றால் போதும் என்று யாராவது சொன்னால், அதை எப்போது வேண்டுமானாலும் கற்கலாம்.

உங்கள் தம்பி சொன்ன மேட்டுப்பாளையம் தனியார் ஹாஸ்டல் பள்ளி வேண்டாம் அக்கா. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். பன்னிரண்டு வரை அங்கேயே முடித்தால் கல்லூரிக் காலத்தில் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே வரும். நடுவில் தனியாருக்கு மாற்றினால் அது போய்விடும். கோத்தகிரிக்குப் போய்வர மகளிர் இலவச பஸ் 2024-லிருந்து நம் மலையிலும் இருக்கிறது. பி.காம் படிக்கக் குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி. ‘ஆண் பிள்ளைகளோடு படிக்கணுமா’ என்று பாட்டி கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் இந்த வாரமே இ-சேவையில் எழுதிப் போடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் மட்டும் அரை மணி நேரம் என்னோடு பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். வேறு ஆசை ஏதாவது மனதில் வைத்திருந்தால், வணிகவியல் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்வோம்.