தங்கம் தியேட்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் மதுரை போயிருந்தேன். தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது. அப்பா மதுரையில் படித்தபோது சிவாஜி படங்களை அங்கேதான் முதல் காட்சி பார்ப்பாராம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்பார்கள். அதை இடிக்க எப்படி மனசு வந்தது? மிச்சமிருக்கும் தியேட்டர்களையாவது அரசு எடுத்துக் காப்பாற்றக் கூடாதா?

சொ., தேவகோட்டை

அன்புள்ள சொ.,

தங்கம் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்தது. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். டிவி வந்தது, கேபிள் வந்தது, ஊர் நடுவில் மனை விலை ஏறியது. கணக்குப் பார்த்து இடித்தார்கள். சென்னையில் சபையரும் சாந்தியும் போனது இப்படித்தான். ‘சிந்தாமணி’ பட லாபத்தில் மதுரையில் எழுந்த சிந்தாமணி தியேட்டரும் ஜவுளிக்கடையாயிற்று. அரசு எடுத்தால் பூட்டுப் போட்டு வைக்கும், அதை விடுங்கள். ‘நாம் இருவர்’ எடுத்த ஏவி.எம். ஸ்டுடியோ 1948இல் காரைக்குடியை விட்டு வடபழனிக்குப் போனதே, அதற்கு நம் செட்டிநாட்டுக்காரர்கள் யாராவது அழுதார்களா?

எனக்குக் கோபம் வேறு. தியேட்டர் என்று எழுத வருகிற எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். கடிதத்தில் அப்பா இருக்கிறார், சிவாஜி இருக்கிறார். அம்மா எங்கே ஐயா?

எங்கள் வீட்டு முகப்பில் ஐம்பது பேர் படுக்கலாம். அத்தனையும் ஆம்பிளைகளுக்கு. அப்பத்தாவுக்கு உள்ளே இரண்டாங்கட்டு மட்டும். அதைத் தாண்டினால் கோயில், கல்யாண வீடு, கேத வீடு. நாலாவதாக அவள் போன ஒரே இடம் சினிமாக் கொட்டகை. மத்தியானம் சோறாக்கி இறக்கிவிட்டு, நாலு வீட்டுப் பொம்பளைகளாகச் சேர்ந்து மேட்னிக்குக் கிளம்புவார்கள். சம்புடத்தில் சீடை. பிள்ளைகள் என்ற பெயரில் நாங்களும் ஒட்டிக்கொள்வோம்.

பெண்கள் கவுண்டர் என்பது ஓர் ஆள் மட்டும் நுழைகிற சந்து. அதன் முடிவில் கை போகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே இருப்பவருக்கு முகம் தெரியாது, வளையல்தான் தெரியும். முண்டியடித்துச் சட்டை கிழிந்த ஆம்பிளைகள் இந்தப் பக்கம் வந்து, “ஆச்சி, எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் குடுங்க” என்று கெஞ்சுவார்கள். வீட்டில் காசுக்குக் கையேந்தி நின்ற அப்பத்தா, அங்கே ஆளைப் பார்த்து யோசித்துத்தான் தலையாட்டுவாள். உள்ளே இருட்டில் அவள் வாய்விட்டு அழுததை நான் கேட்டிருக்கிறேன். ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் அப்படி அழ முடியாது.

இன்று டிக்கெட் மகனுடைய போனில் இருக்கிறது. எந்தப் படம், எத்தனை மணி எல்லாம் அவன் முடிவு. அந்த நாலு வீட்டுப் பொம்பளைகளும் மத்தியானத்தில் அவரவர் வீட்டில் தனித்தனியாகச் சீரியல் பார்க்கிறார்கள். தியேட்டரை இடித்ததில் நட்டம் யாருக்கு என்று இப்போது சொல்லுங்கள். உங்கள் அப்பாவுக்கு டீக்கடை இருந்தது, கிளப் இருந்தது, திண்ணை இருந்தது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், பாசத்தில்தான் திட்டுகிறேன். அம்மா நல்லபடியாக இருக்கிறார்கள் அல்லவா? என்ன படம், யாரோடு போனார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அப்பா பார்த்த படங்களின் பட்டியல் வேண்டாம், அது எல்லாரிடமும் இருக்கிறது.