ட்ரூரோ கப்பலும் கொள்ளுத்தாத்தாவும்

அன்புள்ள ஐயா,

குடும்ப மலர் ஒன்று தயாரிக்கிறோம். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி சாட்ஜிபிடியிடம் கேட்டேன். வட ஆற்காட்டிலிருந்து 1870இல் ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்தார் என்று நல்ல தமிழில் எழுதித் தந்தது. படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. நம்பி அச்சிடலாமா? தவறு இருந்தால் யார் பொறுப்பு?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

அச்சிடாதீர்கள். சென்னையிலிருந்து ட்ரூரோ இங்கே வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது 1866இல் நின்று, 1874இல்தான் மறுபடி தொடங்கியது. 1870இல் அப்படியொரு கப்பலே வரவில்லை. நேட்டால் தமிழர் என்றாலே எல்லாக் கட்டுரையிலும் ட்ரூரோ இருக்கும். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிற இயந்திரம் உங்கள் தாத்தாவையும் அதிலேயே ஏற்றிவிட்டது. அவருடைய பதிவை அது பார்க்கவே இல்லை.

பொறுப்பு யாருக்கு என்பதற்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தரப்பு காட்டிய ஒன்பது தீர்ப்புகளில் பெரும்பாலானவை எங்குமே இல்லாதவை. இயந்திரம் புனைந்தவையோ என்று நீதிபதி ஒன்றைச் சாட்ஜிபிடியிடமே கேட்டுப் பார்த்தார், இருக்கிறது என்றது! 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, வீணான விசாரணையின் செலவை அந்த வழக்கறிஞர் நிறுவனத்தின் தலையில்தான் வைத்தது. கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனம், எங்கள் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்று வாதாடியது. 2024இல் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பயணிக்குப் பணம் கொடுக்க வைத்தது.

மலர் உங்கள் பெயரில் வருகிறது, ஆகவே நீங்கள்தான் பொறுப்பு. உங்கள் பேரப்பிள்ளைகள் சாட்பாட்டை நம்பிப் படிக்கப்போவதில்லை. பாட்டி எழுதினார் என்று நம்பித்தான் படிப்பார்கள். அந்த நம்பிக்கையை ஊர் பேர் தெரியாத ஒரு வாக்கியத்துக்காகச் செலவழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கூலிகளாக வந்தவர்களின் பதிவேட்டைப் பாருங்கள். ஆளுக்கு ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்புவரை எழுதியிருக்கும். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியதால் பிழைகளும் ஏராளம். ஆனால் எந்த அலுவலகத்தில், எதற்காக எழுதியது என்று தெரியும். பக்கத்துப் பதிவோடு, கல்யாணப் பத்திரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். சாட்பாட் பதிலில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் டர்பன் ஆவணக் காப்பகத்துக்கு எடுத்துப் போகலாம். கிடைக்காவிட்டால், எந்தக் கப்பலில் வந்தார் என்று தெரியவில்லை என்றே மலரில் போடுங்கள்.