கொடுப்பதற்கு எந்த இங்கிலீஷ் சொல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி மலரில் வள்ளல் அழகப்பரைப் பற்றி எழுதுகிறேன். நிலத்தைத் தந்தார் என்பதற்கு ‘கிவ்’ போடுவதா, ‘டொனேட்’ போடுவதா?
மாணவர், காரைக்குடி

இரண்டும் சரிதான் தம்பி. ஆனால் இந்த இடத்துக்கு ‘டொனேட்’தான் எடுப்பாக இருக்கும். பொதுக் காரியத்துக்கு, பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் தருவதைச் சொல்லும் சொல் அது. பணம், நிலம், ரத்தம், கண் எல்லாவற்றுக்கும் வரும். நண்பனுக்குப் பேனா வாங்கித் தந்ததற்கு வராது.

நம் பிள்ளைகள் தடுமாறுவது வாக்கியம் அமைக்கும்போதுதான். ‘ஹி கேவ் மீ எ புக்’ என்று பெறுபவரை வினையை ஒட்டியே வைக்க ‘கிவ்’ இடம் தரும். ‘டொனேட்’ தராது. கொடுத்த பொருள் முதலில் வர வேண்டும். பெறுபவர் ‘டு’வுக்குப் பின்னால்தான். காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். இதை ‘ஹி டொனேட்டட் 300 ஏக்கர்ஸ் டு த நேஷன்’ என்று எழுதுங்கள். ‘ஹி டொனேட்டட் த நேஷன் 300 ஏக்கர்ஸ்’ என்றால் பிழை. அவ்வளவு பெரிய கொடையைப் பிழையில்லாமல் எழுதுவது நம் கடமை.

கல்யாண மொய்யை என் பேத்தி ‘டொனேஷன்’ என்கிறாள். சரியா?
ஆச்சி ஒருவர், தேவகோட்டை

இல்லை ஆச்சி. மொய் உறவுக்குள் புழங்கும் முறை. இன்று நமக்கு வந்ததை நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குத்தானே பெயரும் தொகையும் நோட்டில் எழுதி வைக்கிறோம்! ‘கேஷ் கிஃப்ட்’ என்றால் ஓரளவு பொருந்தும். ‘மொய்’ என்றே எழுதி ஒரு வரி விளக்கம் சேர்த்தால் இன்னும் நல்லது.

இந்தச் சொல்லுக்கு நம் ஊரில் நடக்கும் பெரிய அநியாயம் வேறு. பள்ளியில் சீட்டுக்காகக் கேட்டு வாங்கும் பணத்தையும் ‘டொனேஷன்’ என்கிறோம். வற்புறுத்தி வாங்கினால் அது எப்படி நன்கொடை? ‘கேப்பிடேஷன் ஃபீ’ என்பதே அதற்குப் பெயர். அதை வசூலிக்கக் கூடாதென்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி ‘கிவ் த எக்ஸாம்’ என்கிறாள். நாம் ‘ரைட்’ என்கிறோமே?
கண்டனூர் வாசகி

இந்திக்காரர்கள் பரீட்சையைக் ‘கொடுப்பார்கள்’, நாம் ‘எழுதுவோம்’. அவரவர் தாய்மொழி இங்கிலீஷிலும் எட்டிப் பார்க்கிறது. வெளிநாட்டு விண்ணப்பங்களில் ‘டேக்’ போடுங்கள். அங்கே ‘கிவ்’ என்றால் பரீட்சை வைக்கும் ஆசிரியரைத்தான் நினைப்பார்கள்.

மேலதிகாரியிடம் ‘கிவ் மீ லீவ்’ எனலாமா?
வங்கி ஊழியர், காரைக்குடி

வேண்டாம். தாழ்ந்தவன் கேட்க ‘ஈ’, ஒத்தவன் கேட்க ‘தா’, உயர்ந்தவன் கேட்க ‘கொடு’ என்று மூன்றாகப் பிரிக்கிறது தொல்காப்பியம். இங்கிலீஷில் மூவருக்கும் ‘கிவ்’தான், மரியாதையைச் சுற்றியுள்ள சொற்களில்தான் காட்ட வேண்டும். ‘குட் ஐ ஹேவ் லீவ் ஆன் ஃப்ரைடே, ப்ளீஸ்?’ என்று கேளுங்கள்.