மேடானில் எரிமலையும் வெந்நீர் ஊற்றும் பார்க்க வழிகாட்டியோடு சிறு குழுவாகப் போக வேண்டுமா, வாடகைக் கார் போதாதா?

கேட்டவர் ரெண்டே வரியில் கேட்டுவிட்டார். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில் இருக்கிற மேடானிலிருந்து சிபாயாக் எரிமலைக்கு ஒருநாள் போய்வர, வழிகாட்டியோடு எட்டுப் பேர் வேனில் போகிற காசில் பாதிக்குக் காரும் ஓட்டுநரும் கிடைக்கிறார்கள். அப்புறம் எதற்கு மீதி?

"இதோடு போதும், திரும்புங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் கூட வருகிறார் அல்லவா, அதற்குத்தான் அந்த மீதி. என் பதில் இவ்வளவே. நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் பினாங்குக்காரர் என்றும், பிள்ளைகளும் வயதான ஒருத்தராவது கூட வருவார்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் ஆட்கள் மேடானுக்கு அப்படித்தான் போகிறோம். விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுகிறான், கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ளலாம், விசா தொல்லை இல்லை. லங்காவிக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டு செருப்போடு கிளம்பிவிடுகிறோம்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் எந்தச் சுற்றுலா நிறுவனத்துக்கும் ஆள் பிடிப்பவன் இல்லை. மலையேறியும் இல்லை, தண்ணீர்மலைக் கோயில் படியிலேயே எனக்கு மூச்சு வாங்கும். பினாங்கின் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் காற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. அதனால் கந்தக வாசம் வருகிற இடத்துக்கு ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததற்கும் அதுதான் காரணம்.

நாங்கள் போய்வந்த கதைக்கு வருகிறேன். நானும் மனைவியும் அத்தையும். வேனில் எங்களோடு ஈப்போவிலிருந்து ஒரு சீனத் தம்பதி, ஜெர்மன்காரப் பெண்கள் ரெண்டு பேர், அப்புறம் கோலாலம்பூரிலிருந்து தனியாக வந்திருந்த நம் பையன் ஒருவன். வழிகாட்டி, சிபாயாக் பக்கத்து மலையூரான பெராஸ்தாகியைச் சேர்ந்த காரோ இனத்தவர். ஏறியதும் முதல் வேலையாக ஒவ்வொருவரிடமும் கேட்டார்: ஆஸ்துமா இருக்கிறதா, இருதய நோய் இருக்கிறதா, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா? என் தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இவர் யாரும் சொல்லாமலே கேட்டார். அத்தைக்கு ரத்த அழுத்தமும் முட்டி வலியும். "நேனேக் (பாட்டி) மேலே வர வேண்டாம், கீழே ஓட்டுநரோடு இருக்கட்டும், வெந்நீருக்கு நான் கூட்டிப்போகிறேன்" என்று அப்போதே முடிவு சொல்லிவிட்டார். அத்தைக்கும் சந்தோஷம்தான். வழியில் சாலையோரக் கடையில் சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டே ஓட்டுநரிடம் தோட்டத்து மலாயில் பேச்சை ஆரம்பித்தவர், சாயங்காலம் வரை நிறுத்தவில்லை.

சிபாயாக் கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம். வண்டி நிற்கிற இடத்திலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேர நடை. கடைசியாக வெடித்தது 1881 என்கிறார்கள். ஆனால் உறங்கவில்லை. எரிமலை வாயான பள்ளத்தின் ஓரத்தில் பாறை இடுக்குகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டே இருக்கிறது, விமான நிலையத்தில் நிற்பது போல இரைச்சல். துவாரத்தைச் சுற்றி மஞ்சள் ஊசிகளாகக் கந்தகம் படிந்திருக்கும். வாயு வெளிக்காற்றைத் தொட்டுக் குளிர்ந்ததும் அங்கேயே படிந்துவிடுகிறது. கிட்டே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு ஊசியும் கண்ணாடி மாதிரி மினுங்கும், விரல் பட்டால் பொடியாக உதிரும். பார்க்கத் தகுந்த காட்சி, அதை நான் மறுக்கவில்லை.

நான் என் சொந்த வாயு அளவுமானியைச் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். அழுகிய முட்டை வாசம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு இல்லாவிட்டாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். வாசம் வருகிறது என்பதால் பயமில்லை என்று ஆகாது, வாசம் நின்றுபோனால் இன்னும் ஆபத்து. 100 பங்குக்குப் பக்கத்தில் போனால் மூக்கு மரத்துவிடும், வாசமே தெரியாது. 500ஐத் தாண்டினால் ஆள் சீக்கிரமே சாய்ந்துவிடுவான். காற்றைவிடக் கனமானது, அதனால் பள்ளத்தில்தான் தேங்கும். என் கருவி 10இல் கத்தும். ஆஸ்துமாக்காரர்களைப் படுத்துவது கந்தக டை ஆக்சைடு, அதை என் கருவி காட்டாது. அதையும் சேர்த்தே சொல்கிறேன், கருவி வைத்திருப்பவன் எல்லாம் தெரிந்தவன் என்று நினைக்க வேண்டாம்.

பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறோம். கருவி 0 காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 3, மறுபடி 0. வழிகாட்டி எங்களைப் பார்க்கவே இல்லை, எதிர்ப்பக்கத்து ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நிமிர்ந்து எழும்பிய ஆவி தரையோடு படுக்க ஆரம்பித்தது. உடனே கையைத் தட்டினார். "எல்லாரும் மேலே, அந்த மேட்டுக்கு. பள்ளத்துக்குள் இன்று இல்லை." நாங்கள் நாலு எட்டு வைத்திருப்போம், என் கருவி கத்தியது.

கோலாலம்பூர்ப் பையனுக்குக் கோபம். பள்ளத்தின் அடியில் வெள்ளைக் கற்களை அடுக்கி யார் யாரோ பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், அவனுக்கும் அங்கே இறங்கிப் படம் எடுக்க வேண்டும். "அண்ணே, இவ்ளோ காசு கொடுத்து வந்து வாசல்லயே நின்னுட்டுப் போறதா? நீங்களாவது சொல்லுங்க."

"தம்பி, காசைக் கீழே போய்க் கேட்டு வாங்கிக்கலாம். இப்ப மேட்டுல ஏறு" என்றேன்.

"நீங்க ரொம்பப் பயப்படறீங்க" என்றான். பயம் என்றால் பயம்தான், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு ஏறினான். ஜெர்மன் பெண்கள் எங்களுக்கு முன்பே மேட்டில் ஏறி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தோன்றினால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அந்த வழிகாட்டி ஒரு வார்த்தை சொன்னதும் ஏழு பேர் நகர்ந்தோம். நான் இத்தனை வருஷமாகத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கத்துகிறேன், யாரும் நகர்வதில்லை. முன்பு வேலை பார்த்த இடமொன்றில் வேலை முடிந்த பிறகு அனுமதிப் படிவம் என் மேசைக்கு வரும், "சும்மா ஒரு கையெழுத்து, பாஸ்" என்று. போடமாட்டேன் என்றால் உற்பத்தியைக் கெடுப்பவன் நான். உணவகத்தில் நான் வந்து உட்கார்ந்தாலே "சேஃப்டி வந்தாச்சு, கரண்டியைக் கீழே போடு" என்று கிண்டல். கழிவுநீர்த் தொட்டியில் விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும் சேர்ந்து செத்தான் என்ற செய்தி நம் நாட்டில் எத்தனை தடவை வந்துவிட்டது. அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். அது எரிமலையில் இருந்தால் சுற்றுலா, தொட்டியில் இருந்தால் யாருக்கும் அக்கறையில்லை. சரி, விடுங்கள்.

"வழிகாட்டி இருந்தால் மட்டும் எரிமலை வெடிக்காதா?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று இருந்தவர்கள் வழிகாட்டிகளையும் சேர்த்து 47 பேர். காசு கட்டி வந்த ஒருநாள் சுற்றுலாதான் அதுவும். 22 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை நிலையைச் சில வாரங்களுக்கு முன்பே உயர்த்தியிருந்தார்கள், பயணம் நிற்கவில்லை. மேற்கு சுமத்ராவின் மராப்பி மலை 2023 டிசம்பரில் வெடித்தபோது 75 பேர் மேலே இருந்தார்கள், 24 பேர் திரும்பவில்லை. பள்ளத்துக்கு 3 கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்ற பரிந்துரை அங்கே முன்பே இருந்தது. ஆகவே வழிகாட்டி என்று சட்டையில் எழுதியிருந்தால் போதாது. அன்றைய எச்சரிக்கை நிலை என்ன என்று அவரிடமே கேளுங்கள். இந்தோனேசியாவில் கீழிருந்து மேலாக நாலு படி: நோர்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மாக்மா இந்தோனேசியா இணையதளத்தில் எல்லா மலைக்கும் போட்டிருப்பார்கள், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் விசாரித்த இன்னொரு நிறுவனத்துக்காரர் "நோ புரோப்ளம் பாஸ், எல்லாம் ஓகே" என்று மட்டும் சொன்னார். அவரை அங்கேயே கைகழுவிவிட்டேன்.

பெராஸ்தாகியில் நின்றால் அந்தப் பக்கம் சினாபுங் தெரியும். சுமார் 400 வருஷம் சும்மா இருந்த மலை, 2010இல் எழுந்தது. 2014 பிப்ரவரியில் சூடான சாம்பல் மேகம் சரிந்து வந்து பலர் இறந்தார்கள். 2016 மே மாதம் இன்னும் 7 பேர், நுழையத் தடைசெய்த பகுதியில். அவர்கள் படம் பிடிக்கப் போகவில்லை, நிலத்தில் பாடுபடப் போனவர்கள். வழிகாட்டி வண்டியை நிறுத்தி அந்தச் சரிவைக் காட்டினார், பேச்சைக் குறைத்துக்கொண்டார். காரை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால் அதை நான் இன்னொரு மலை என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பேன்.

சிபாயாக்கில் தனியாக ஏறி, இறங்கும்போது காட்டில் வழி தவறியவர்களும் உண்டு. மூடுபனி இறங்கினால் பாதை தெரியாது. கார் ஓட்டுநர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் கீழே வண்டியில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அப்புறம் வெந்நீர். அடிவாரத்தில் சிடெபுக்-டெபுக் என்ற இடத்தில் குளம் குளமாகக் கட்டிவிட்டிருக்கிறார்கள், தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், கந்தக வாசம் துணியில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிச் சாமான், தாலிக்கொடியில் கோர்த்த வெள்ளி எல்லாம் கறுத்துவிடும், கழற்றி வைத்துவிடுங்கள். அத்தையை முழுக்க இறங்கவிடவில்லை, காலை மட்டும் நனைத்தார். ரத்த அழுத்தக்காரர்கள் சூட்டில் ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும் என்று வழிகாட்டி பக்கத்திலேயே நின்றார். முட்டி வலி குறைந்ததா என்றால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார், அவ்வளவுதான் சொல்ல முடியும். பக்கத்திலேயே சின்னப் புவிவெப்ப மின்நிலையமும் இருக்கிறது, குழாய்கள் சாலையோரமாக ஓடும். அதன் பக்கம் இறங்கி வேடிக்கை பார்க்க வேண்டாம். அதே மாநிலத்தின் மண்டாயிலிங் நாதாலில் 2021 ஜனவரியில் புவிவெப்பத் திட்டமொன்றிலிருந்து கசிந்த வாயுவால் கிராமத்து மக்கள் 5 பேர் இறந்தார்கள்.

"வெந்நீர் ஊற்று பேராக்கிலேயே இருக்கே, சுங்கை கிளாவுக்குப் போய் முட்டை அவித்துச் சாப்பிட்டுட்டு வரலாமே" என்று என் மைத்துனர் சொன்னார், உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். வெந்நீர் மட்டும்தான் வேண்டுமென்றால் தாராளமாக அங்கேயே போங்கள். ஆனால் அது எரிமலை இல்லை. தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைத்தண்ணீர் கருங்கல் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது. நம் பக்கத்தில் எரிமலையின் கைவேலை பார்க்க வேண்டுமென்றால் பேராக்கின் லெங்கோங் போகலாம். சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னால் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே மண்ணுக்குள் அடுக்காகக் கிடக்கிறது.

தோபா என்றதும் ஞாபகம் வருகிறது, சிபாயாக்கும் தோபா ஏரியும் ஒரே நாளில் என்று விற்பவர்களை நம்பாதீர்கள். 100 கிலோமீட்டர் நீள ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு வருவதில் ஒன்றுமில்லை. சிப்பிசோ-பிசோ அருவிப் பக்கம் நின்று ஏரியின் வடக்கு முனையைப் பார்க்கலாம், அதோடு திருப்திப்படுங்கள். மேடான்–பெராஸ்தாகி சாலை சனி ஞாயிறுகளில் நகராது, கனமழையில் மண் சரியும் சாலையும் கூட. வார நாளில் போங்கள், முந்தின ராத்திரி பெராஸ்தாகியிலேயே தங்கிவிட்டால் விடியற்காலையில் ஏறலாம். குளிரும், அத்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். பெராஸ்தாகிப் பழச்சந்தையில் மார்க்கிசா (பாஷன்) பழம் வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். பினாங்குக்குப் பழத்தை அப்படியே பழமாகக் கொண்டுவர அனுமதி வேண்டும், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். புட்டியில் அடைத்த மார்க்கிசா சிரப் என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.