கடவுள் நம்பிக்கை இல்லாத இருவர்: எந்தச் சட்டத்தில் திருமணம்?

கேள்வி: நான் பிறந்தது இந்துக் குடும்பம், நான் மணக்கவிருப்பவர் கத்தோலிக்கக் குடும்பம். இருவருக்குமே கடவுள் நம்பிக்கை கிடையாது. சுயமரியாதைத் திருமணம் செய்ய நினைக்கிறோம். "பெண் இந்துவாக மாறியதாக ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் உடனே பதிவு செய்துவிடலாம்" என்கிறார், பதிவு அலுவலக வாசலில் இருக்கும் புரோக்கர். சொத்தில் பங்கு கிடையாது என்று அப்பா மிரட்டுகிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் அந்தச் சான்றிதழ் யோசனையை விட்டுவிடுங்கள். மதமே வேண்டாம் என்பவர் கல்யாணத்துக்காக ஒரு மதத்தில் சேரலாமா என்பது உங்கள் பாடு. என் கவலை வேறு. நாளைக்கு விவாகரத்தோ வாரிசு வழக்கோ வந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான். மதமாற்றம் பொய், அதனால் திருமணமும் செல்லாது என்பார்.

சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தருவது, அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் அமலுக்கு வந்த 7-ஏ பிரிவு. புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். "இவரைத் துணையாக ஏற்கிறேன்" என்று இருவரும் சொன்னாலே கூடப் போதும். ஆனால் அது இந்து திருமணச் சட்டத்தில் இருக்கும் பிரிவு. இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் யாரையும் சாமி கும்பிடுகிறாயா என்று கேட்பதில்லை, அதனால் நாத்திகரான நீங்களும் அதற்குள் வந்துவிடுவீர்கள். ஞானஸ்நானம் பெற்ற உங்கள் துணை வருவாரா? வாதாடிப் பார்க்கலாம்தான். அதை உங்கள் கல்யாணத்தை வைத்தா செய்து பார்ப்பது?

உங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். உங்களில் ஒருவர் 30 நாளாவது வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கும், வீட்டுக்கும் தெரிந்துவிடும். இதுதான் சங்கடம். ஆனால் வயது, ஏற்கெனவே நடந்த திருமணம், நெருங்கிய உறவு போன்ற காரணங்களுக்குத்தான் ஆட்சேபனை சொல்ல முடியும்; பெற்றோர் சம்மதமில்லை என்பது ஆட்சேபனையே அல்ல. மிரட்டல் வந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்பு தரச் சொல்லி 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கெடு முடிந்ததும், நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழி சொன்னால் சரி. அதில் கடவுள் பெயரே வராது. அப்புறம் தோழர்களைக் கூட்டி மேடை போட்டு மாலை மாற்றிக்கொள்ளுங்கள், யார் தடுக்கப் போகிறார்கள்?

சொத்து விஷயம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அதில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பூர்வீகச் சொத்து அப்படியல்ல. இந்தத் திருமணத்தால் நீங்கள் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவீர்கள், அவ்வளவுதான். உங்கள் பங்கு போய்விடாது.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மதம் வேறான இருவர் இப்படி மணந்தால், அவர்கள் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். இந்து சட்டத்தில் உங்கள் அம்மாவுக்கும் மனைவி, பிள்ளைகளோடு சமபங்கு. இதிலோ மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு ஏதாவது சேர வேண்டுமென்றால் உயில் எழுதுங்கள். உங்கள் துணைவியார் தன் உயிலைத் திருமணத்துக்குப் பிறகே எழுதட்டும். கிறிஸ்தவர் முன்கூட்டி எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும்.