ஜீன் கிரே மீது யார் போட்ட பழி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘அன்கேனி எக்ஸ்-மென்’ என்ற அமெரிக்கச் சித்திரக்கதைத் தொடரின் டார்க் ஃபீனிக்ஸ் கதை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஃபீனிக்ஸ் என்ற பெரும் சக்தி வந்த நாயகி ஜீன் கிரே தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் முடிவே அந்தக் கதைக்குப் பொருத்தமானது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

மாஸ்டர்மைண்ட் என்பவன் மாதக்கணக்கில் அவள் மனதில் நஞ்சைக் கலக்கிறான். புத்தி பேதலித்த நிலையில் ஒரு நட்சத்திரத்தை விழுங்கி, அதைச் சுற்றிய உலகத்தை அழித்ததற்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? இன்னொன்று, எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட், ஓவியர் ஜான் பைர்ன், தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஆகிய மூன்று ஆண்கள் கூடி, அளவுக்கு மீறிய சக்தி வந்த ஒரு பெண்ணுக்குச் சாவுதான் கதி என்று தீர்மானித்திருக்கிறார்கள். இதை அறம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் 1986இல் அவளைத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியானால் அந்தச் சாவுக்குத்தான் என்ன பொருள்?

நான் முழுத் தொகுப்பாகத்தான் படித்தேன். அடுத்து எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்விதான் கனமானது. அதற்கு இதழ்களை எண் வாரியாகப் பார்க்க வேண்டும். தொகுப்பாகப் படிக்கும்போது எல்லாம் ஒரே மூச்சில் நடந்ததுபோலத் தோன்றிவிடும்.

மாஸ்டர்மைண்ட் ஜீனைப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சீமாட்டியாக நம்பவைத்து, ஹெல்ஃபயர் கிளப் என்ற வில்லன்களின் ரகசியக் குழுவில் கறுப்பு ராணியாக்குகிறான். அந்த மாயை 134ஆம் இதழில் உடைகிறது. உடைத்தவள் ஜீனேதான். தன்னை ஏமாற்றியவனின் மனதுக்குள் அண்டத்தின் முழு விரிவையும் திறந்துவிட்டு அவனைப் பித்தனாக்குகிறாள். நட்சத்திரத்தை அவள் விழுங்குவது அடுத்த இதழில், 135இல். 1980 ஜூலை என்று அட்டையில் தேதியிட்ட இதழ் அது. அந்த நேரத்தில் மாஸ்டர்மைண்டின் பிடி அவள் மேல் இல்லை. அவன் அவளுக்குள் இருந்த தடைகளைத் தளர்த்தினான், அது உண்மை. ஆனால் நெடும் பயணத்தில் சக்தி குறைந்து, அந்தப் பசிக்கு ஒரு சூரியனையே எடுத்துக்கொண்டபோது அவளை இயக்கியவன் அவன் இல்லை. ஆகவே “அவன் செய்வித்தான்” என்ற வாதம் ஹெல்ஃபயர் கிளப்பில் நடந்தவற்றுக்குப் பொருந்தும். அந்தச் சூரியனைச் சுற்றிய டி’பாரி உலகத்து ஐந்நூறு கோடிப் பேரின் சாவுக்குப் பொருந்தாது.

“அப்படியானால் ஃபீனிக்ஸ் என்ற சக்தி அவளைப் பிடித்து ஆட்டியதுதானே?” என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலான வாசகர்கள் வழுக்கும் இடம் இதுதான். ஃபீனிக்ஸ் என்பது ஜீனுக்கு அப்பாற்பட்ட தனி உயிர், அது அவள் உருவத்தை எடுத்துக்கொண்டது என்ற விளக்கம் 1980இல் கிடையாது. 1976இல் வந்த 101ஆம் இதழில், விபத்துக்குள்ளான விண்கலத்திலிருந்து ஜமைக்கா பே நீரைப் பிளந்துகொண்டு வெளிவருபவள் ஜீன்தான். அன்று வாங்கிப் படித்தவருக்கு ஃபீனிக்ஸும் ஜீனும் ஒருத்தி. பின்னால் வந்த விளக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு முன்னால் வந்த கதையைப் படித்தால் 137ஆம் இதழில் ஜீன் எடுக்கும் முடிவுக்கு வலுவே இருக்காது. செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி உயிர்விடுவதாக அது சுருங்கிப்போகும்.

இப்போது ஷூட்டர். 137க்கு முதலில் வரைந்து முடிக்கப்பட்ட முடிவில் ஜீன் சாகவில்லை. அவளைத் தண்டிக்க வந்த ஷியார் என்ற வேற்றுலகப் பேரரசினர் சண்டையில் வென்று, அவளுடைய மனச் சக்திகளை ஒரு கருவியால் அகற்றிவிடுகிறார்கள். சக்தியற்ற சாதாரணப் பெண்ணாக அவள் தன் காதலன் ஸ்காட்டோடு (எக்ஸ்-மென் அணியின் சைக்ளாப்ஸ்) வீடு திரும்புகிறாள். ஷூட்டர் இதை ஏற்கவில்லை. ஒரு உலகத்தையே அழித்தவளைச் சக்தியை மட்டும் பறித்துவிட்டு அனுப்புவது, ஹிட்லரைப் பிடித்த பிறகு லாங் ஐலண்டில் நிம்மதியாகக் குடியிருக்க விடுவதற்குச் சமம் என்பது அவர் வாதம். கேள்வி சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் விரும்பிய தண்டனை, அவளை எங்கோ சிறையில் அடைத்து வதைப்பது, கதைக்குள் நிற்காது. நண்பர்கள் எக்ஸ்-மென் ஆயிற்றே, மாதாமாதம் மீட்கப் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த முட்டலில்தான் சாவு என்ற முடிவுக்கு வந்தார்கள். கடைசிச் சில பக்கங்கள் மறுபடியும் வரையப்பட்டன.

முடிவை அதிகாரத்தில் இருந்தவர் திணித்தார் என்று நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் திணிக்கப்பட்ட முடிவை அச்சான பக்கங்களில் யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் வடிவத்தில் ஜீனின் தலைவிதியை ஷியார் தீர்மானிக்கிறார்கள். அவள் மேசைமேல் கிடத்தப்பட்ட நோயாளி. அச்சான வடிவத்தில் தீர்மானிப்பவள் அவள். நிலவில் நடக்கும் அந்தச் சண்டையில் ஸ்காட் அடிபட்டு விழுவதைப் பார்த்ததும் அவளுக்குள் மீண்டும் தீ எழுகிறது. அப்போது அவள் ஸ்காட்டிடம் சொல்வதன் சாரம் இது: இனி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நொடியும் நான் என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கணம் தவறினாலும் யாராவது சாவார்கள். சொல்லிவிட்டு, அங்கே கிடந்த பழைய ஆயுதம் ஒன்றைத் தன் மேலேயே திருப்பிக்கொள்கிறாள். அதற்கு முந்தைய பக்கங்களில், அவளுக்காகப் போரிடலாமா என்று நண்பர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே யோசிக்கும் இரவு வருகிறது. அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவர்கள் எல்லாரும் யோசித்த கேள்விக்கு அவள் ஒருத்திதான் பதில் சொல்கிறாள்.

பெண்ணும் சக்தியும் பற்றிய உங்கள் கோபத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் பங்கு பெரியது. கறுப்பு ராணியின் உடையைப் பாருங்கள், அவள் கெட்டுப்போவதும் அவளுடைய இச்சை விழிப்பதும் ஒரே கோட்டில் வரையப்பட்டிருக்கின்றன. அது அந்தக் கதையின் குறை. பைத்தியம் பிடிக்காமல் பெண்ணின் கையில் பெரும் சக்தி தங்காது என்ற வார்ப்பு அத்தோடு நிற்கவுமில்லை. 2005இல் ‘ஹவுஸ் ஆஃப் எம்’ தொடரில் ஸ்கார்லெட் விட்ச் எனப்படும் வாண்டாவுக்கு நடந்ததும் அதுதான். ஒரே வாக்கியத்தில் அவள் கிட்டத்தட்ட எல்லா மியூட்டன்ட்டுகளின் (எக்ஸ்-மென் போலப் பிறவியிலேயே சக்தி பெற்றவர்கள்) சக்தியையும் பறித்துவிடுகிறாள். ஜீனுக்கு 1980இல் கிடைத்த அந்த ஒரு முடிவெடுக்கும் கணம்கூட வாண்டாவுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என் உண்மையான கோபம் இங்கேதான் இருக்கிறது.

1986இல் ஜீனைத் திரும்பக் கொண்டுவர ஷூட்டர் வைத்த நிபந்தனை, அவள் மேல் அந்தக் கொலைப்பழி இருக்கக் கூடாது என்பது. வழி கொடுத்தவர் கர்ட் பியூசிக். பின்னாளில் பேர்பெற்ற எழுத்தாளர். இந்த யோசனை தோன்றியபோது அவர் வெறும் வாசகர். உண்மையான ஜீன் ஜமைக்கா பேயின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள், வெளியே வந்து நட்சத்திரத்தை விழுங்கியது அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஃபீனிக்ஸ். ‘அவெஞ்சர்ஸ்’ 263, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 286 ஆகிய இதழ்களில் இது அச்சேறியது. யோசனையாகப் பார்த்தால் கச்சிதம்தான். முன்பு அச்சான எந்தக் கட்டத்தோடும் நேரடியாக மோதாது. ஆனால் ஜீனின் குற்றத்தோடு அவளுடைய தியாகத்தையும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எடுத்த பழி காற்றில் கரையவில்லை. அடுத்து அது ஸ்காட்டின் தலையில் விழுந்தது. கிளேர்மாண்ட் அவனுக்கு மேடலின் பிரையர் என்ற விமானியை மணமுடித்து வைத்திருந்தார் (175ஆம் இதழ், 1983). அவள் ஜீனைப் போன்ற தோற்றமுள்ள, சாதாரணமான ஒரு பெண். ஸ்காட் குடும்பஸ்தனாகி ஒதுங்கிவிட வேண்டும் என்பதே அவர் திட்டம். 201ஆம் இதழில் மகன் பிறக்கிறான். உடனே ‘எக்ஸ்-ஃபேக்டர்’ என்ற புதிய தொடரின் முதல் இதழ் வருகிறது. ஜீன் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஸ்காட் அலாஸ்காவில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு நியூயார்க் போய்விடுகிறான். எக்ஸ்-மென்னின் முதல் ஐவர் அணியைச் சந்தையில் மறுபடி இறக்க வேண்டும் என்ற தேவைதான் அவனை அனுப்பியது. அவனுடைய குணத்தில் அதற்கு வேர் இல்லை.

வாசகர்கள் இன்றுவரை அவனை மன்னிக்கவில்லை. ஐந்நூறு கோடிப் பேரைக் கொன்றவளுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், மனைவியை விட்டுப் போனவனைச் சபிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அபத்தமாகத் தோன்றும். தொடர் சித்திரக்கதை இயங்கும் விதத்தை அறிந்தவருக்கு இதில் வியப்பில்லை. 1980இல் மாதம் 17 பக்கம்தான் கதை. டி’பாரி மக்கள் அதில் சில கட்டங்களில் தோன்றி மறைகிறார்கள், அவர்களில் ஒருவரைக்கூட நமக்குப் பெயர் சொல்லித் தெரியாது. மேடலினை 1983 ஏப்ரல் இதழிலிருந்து மாதாமாதம் பழகியிருக்கிறோம். அவள் காதலித்தது, மணந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் நம் கண் முன்னால் நடந்தது. ஒரு குற்றத்தை வாசகர் எந்த அளவுக்கு உணர்கிறார் என்பது இறந்தவர் எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை, பாதிக்கப்பட்டவருக்கு எத்தனை பக்கம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்காட்டைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தபோது பழி மூன்றாவது முறையாக இடம் மாறியது, இம்முறை மேடலின் மேல். 1989இல் முடிந்த ‘இன்ஃபெர்னோ’வில் அவள் ஜீனிடமிருந்து மிஸ்டர் சினிஸ்டர் என்ற வில்லன் உருவாக்கிய நகல் என்றானாள். பேய்களோடு சேர்ந்து சொந்தப் பிள்ளையையே பலிகொடுக்கத் துணிந்தாள், செத்தாள். கைவிடப்பட்டவளை அரக்கியாக்கிவிட்டால் கைவிட்டவன் யோக்கியனாகிவிடுவான் என்ற கணக்கு. பெண்ணுக்கு இழைத்த அநீதி என்று நீங்கள் 137ஐச் சுட்டுகிறீர்கள். நான் சுட்டுவது இதை. மேடலினிடம் கோபப்பட நியாயம் இருந்தது, அந்த நியாயத்தையே அவள் குற்றத்துக்குச் சான்றாக மாற்றிவிட்டார்கள்.

வாசகரிடமே தீர்ப்பை விட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1988இல் டிசி நிறுவனம் பேட்மேனின் துணைவனான இரண்டாவது ராபின் ஜேசன் டாட் பிழைக்க வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. அந்த ஆண்டே வந்த ‘பேட்மேன்’ 424ஆம் இதழில் ஒரு பாலியல் குற்றவாளி மாடியிலிருந்து விழுந்து சாகிறான். ஜேசன் தள்ளினானா, அவனே தவறி விழுந்தானா என்று கதை சொல்லவில்லை. வேண்டுமென்றே திறந்து விட்ட கேள்வி அது. வாக்களித்தவர்கள் அதற்கு விடை தேடவில்லை, பிடிக்காத பையனை அகற்றினார்கள். எழுதியவர் திறந்து வைக்கும் அறக்கேள்வியை எண்ணிக்கையால் மூடினால் இப்படித்தான் முடியும்.

பிந்தைய உதாரணம் ஒன்றும் உண்டு. 2012இல் ‘அவெஞ்சர்ஸ் வெர்சஸ் எக்ஸ்-மென்’ தொடரில் அதே ஃபீனிக்ஸ் சக்தி ஸ்காட்டுக்குள் புகுந்து, எக்ஸ்-மென்னை உருவாக்கிய பேராசிரியர் சேவியரை அவன் கையால் கொல்லவைக்கிறது. ஜீனுக்கு 1986இல் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இவனுக்கும் செல்லுபடியாக வேண்டும். கதைக்குள் யாரும் அதை ஏற்கவில்லை, அவனைச் சிறையில் அடைக்கிறார்கள். “சைக்ளாப்ஸ் சொன்னதே சரி” என்று வாசகர்கள் கோஷமாகவே பிடித்துக்கொண்டதற்கு இந்த முரணும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கொலையை அவர்கள் நியாயப்படுத்தவில்லை, ஆளுக்கொரு சட்டம் இருக்கக் கூடாது என்று கேட்டார்கள்.

படிக்கும் வரிசை கேட்டிருந்தீர்கள். 129 முதல் 137 வரை மறுபடி படியுங்கள். இந்த முறை ஒரு இதழ் முடிந்ததும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள், 135க்கும் 136க்கும் நடுவே கட்டாயம். 136இல் அவள் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாள். மனதைப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் தன்னைப் பெற்றவர்களின் அச்சம் அப்படியே அவள் காதில் விழுகிறது. முந்தைய இதழின் சாவுகள் மனதில் ஆறாமல் இருந்தால்தான் அந்தக் காட்சி ஏறும். பிறகு, கைவிடப்பட்ட முதல் முடிவை அச்சிட்ட ‘ஃபீனிக்ஸ்: தி அன்டோல்ட் ஸ்டோரி’ (1984). இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஜீன் பேசும் பலூன்களை மட்டும் படித்துப் பாருங்கள். அடுத்து 168 முதல் 175 வரை மேடலினுக்காக. 201க்குப் பிறகு ‘எக்ஸ்-ஃபேக்டர்’ முதல் இதழ். ‘இன்ஃபெர்னோ’வுக்கு அவசரமில்லை. படிக்கும்போது, அதில் மேடலின் சொல்லும் குற்றச்சாட்டுகளைத் தனியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எவற்றுக்கு ஸ்காட் பதில் சொல்கிறான் என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்